அருள்ராஜ் ரோட்டை ஏலம் விட்ட கதை

2021 அக்டோபர் 3 — பூசணிக்காய் ஒன்று — ரூ. 3,100
2022 அக்டோபர் 2 — எலுமிச்சம்பழம் ஒன்று — ரூ. 1,850
2023 அக்டோபர் 8 — சேவல் ஒன்று, ஒரு கால் நொண்டி — ரூ. 6,400
2024 அக்டோபர் 6 — கிரிவலப் பாதையில் நான்கு கிலோமீட்டர், பன்னிரண்டு துண்டுகளாக — தொகை இல்லை, துடைப்பம் 43

மேலே உள்ள நான்கும் லுத்தரன் சபையின் கிருபை ஆலயத்து அறுப்பின் பண்டிகையில், அந்தந்த ஆண்டு, எல்லாவற்றையும்விட உயரப் போனவை. நான்கையும் ஏலம் விட்டவர் காய்கறி மண்டி அருள்ராஜ். மண்டியில் காலையில் நாற்பது ரூபாய்க்குத் தள்ளிவிட்ட அதே ரகப் பூசணியை, மதியம் ஆலயத்தில் மூவாயிரத்து நூறுக்கு ஏற்றிவிட அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை.

அறுப்பின் பண்டிகையன்று சபையார் அவரவர் விளைச்சலில் ஒரு பங்கைப் பீடத்தின் முன் கொண்டுவந்து வைப்பார்கள். விளைச்சல் இல்லாதவர்கள் கடையில் வாங்கி வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். காசு ஆலயத்துக்கு. கேட்கிறவர்களுக்கு வேண்டியது காய் அல்ல. பக்கத்து பெஞ்சுக்காரர் தோற்க வேண்டும், அவ்வளவுதான். நொண்டிச் சேவலுக்காக ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் தேவநேசனும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கீதாஞ்சலியும் மோதிக்கொண்டார்கள். சேவல் தேவநேசன் வீட்டுக்குப் போனது. அன்றிலிருந்து டீச்சர் அவரோடு பேசுவதில்லை. திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்கும்போதுகூட நடுவில் இரண்டு ஆள் விட்டுத்தான் முழங்காலிடுவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஏலத் தொகையை அங்கேயே எண்ணி வைக்க வேண்டியதில்லை. அடுத்த அறுப்பின் பண்டிகைக்குள் கட்டினால் போதும். சீக்கிரம் கட்டுகிறவர்களைச் சபை சற்று இளக்காரமாகத்தான் பார்க்கும்.

அருள்ராஜுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. குரல் மட்டும் இருபத்தைந்திலேயே நின்றுவிட்டது. விடியுமுன் மண்டியில் கத்த ஆரம்பித்தால் எட்டு மணிக்குத்தான் வாயை மூடுவார். மண்டியில் அவர் பேசுவதை ஆலயத்தில் பேச முடியாது. பேசவும் செய்தார், அது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்காருவார். பிரசங்கம் தொடங்கியதும் எதிரே உள்ள டீக்கடைக்குப் போவார். காணிக்கைப் பாட்டு எடுக்கும்போது திரும்பி வருவார். ஒருமுறை போதகர் ராஜமாணிக்கம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா அருள்ராஜ், என் பிரசங்கம் மட்டும் கசக்குதா?"

"ஐயா, விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து கத்திக்கினு இருக்கறவன் நானு. இன்னொருத்தர் கத்தறத கேட்டா தூக்கம் வருது. ஆண்டவர் வீட்ல தூங்கறதவிட டீக்கடைல முழிச்சிக்கினு இருக்கறது மரியாத இல்லீங்களா?"

அடுத்த வாரம் போதகர் பிரசங்கத்தை ஐந்து நிமிடம் குறைத்தார். அருள்ராஜ் டீயை ஐந்து நிமிடம் குறைத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே அக்கா, தமிழ்செல்வி. ஐந்து வயது மூத்தவள். கணவன் இறந்த பிறகு, பக்தர்கள் மலையைச் சுற்றி நடக்கும் கிரிவலப் பாதையைப் பெருக்கும் வேலைக்குப் போனாள். பாதையில் அடி அண்ணாமலையிலிருந்து குபேர லிங்கம் வரை துப்புரவுக்கு ஒப்பந்தம் எடுத்திருந்தவர் கோதண்டராமன் என்பவர். அவரிடம் பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கு ஒரு துண்டு ரோடு. மற்ற நாட்களில் சமாளித்துவிடலாம். பௌர்ணமி வந்தால் லட்சக்கணக்கில் கால்கள் போகும். அவை போன பிறகு தண்ணீர் பாட்டில், பாக்குமட்டைத் தட்டு, மிச்ச சாம்பார் சாதம், வாழைப்பழத் தோல் எல்லாம் இவர்கள் கையில்.

பக்தர்களுக்குக் கழிவறைகள் உண்டு. பௌர்ணமியன்று அவற்றின் முன்னால் நிற்கும் வரிசை கோயில் வரிசைக்குக் குறைந்ததல்ல. போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். கோதண்டராமன் வைத்திருந்த விதியோ, பத்து நிமிடத்துக்கு மேல் துண்டில் ஆள் இல்லையென்றால் அரை நாள் கூலி பிடித்தம். ஆகவே பெண்கள் எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிப்பதை விட்டார்கள்.

2024 ஜூலையில் தமிழ்செல்விக்குக் காய்ச்சல் வந்து, இடுப்பு வலி வந்து, அருள்ராஜ் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் சோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டார்.

"ஏம்மா, தண்ணியே குடிக்க மாட்டியா?"

"குடிச்சா போவ வேணாமா டாக்டர்?"

"போயேன்."

"எங்க?"

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு அருள்ராஜ் சபைக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னார். ஏழை எளியவர்களுக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று போதகர் அன்றுதான் பிரசங்கித்திருந்தார். அருள்ராஜ் அதைக் கேட்கவில்லை என்றாலும் இரண்டும் பொருந்திப் போயின. சகாய மாதா கோயில் ஃபாதர் அன்பரசன் சேர்ந்துகொண்டார். வேங்கிக்காலில் தகரக் கொட்டகையில் கூடும் ஜீவஒளி சபையாரும் வந்தார்கள். மூன்று சபைகளும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. பெயர் வைக்க மட்டும் மூன்று கூட்டம் ஆயிற்று. 'கிறிஸ்தவ' முதலில் வர வேண்டுமா, 'ஐக்கிய' முதலில் வர வேண்டுமா என்பதில் இரண்டு கூட்டம். மூன்றாவது கூட்டத்துக்குத் தமிழ்செல்வியை அழைத்திருந்தார்கள்.

"நாங்க ஒண்ணுக்குப் போக ஒரு எடம் கேட்டோம் சாமி. பேரு கேக்கல," என்றாள் அவள். பெயர் வைப்பது அத்துடன் நின்றது.

மனுவை எழுதியவர் கீதாஞ்சலி டீச்சர். இரண்டாவது பத்தியில், 'இயற்கை உபாதைகளைத் தணித்துக்கொள்வதற்கான அடிப்படை வசதிகளின் போதாமை' என்று எழுதியிருந்தார். தமிழ்செல்வி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "டீச்சர், இது யாருக்கு வந்த நோய்?" என்று கேட்டாள்.

மனு போனது. தொழிலாளர் துறையிலிருந்து பதில் வந்தது. விசாரணை, அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. பன்னிரண்டு பேரும் நேரில் வர வேண்டும். பௌர்ணமிக்கு மறுநாள் அது.

கோதண்டராமனுக்கும் நகல் போயிருந்தது. அவர் பெண்களை நிற்க வைத்துப் பேசினார்.

"தாராளமா போங்க. பௌர்ணமி குப்ப அப்பிடியே கெடக்கும். காலைல ஏழு மணிக்கு நான் வருவேன். எந்தத் துண்டுல ஆள் இல்லயோ அந்தப் பேர அடிச்சிடுவேன். போணும்னா பதில் ஆள் வச்சிட்டுப் போங்க. உங்களுக்கெல்லாம் பதில் ஆளா எவன் வரான்னு நானும் பாக்கறேன்."

பெண்களின் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவரவர் கூலி இருந்தது. போகாவிட்டால் வழக்கு முடிந்தது. போனால் வேலை முடிந்தது. குழு அவசரமாகக் கூடியது. தேவநேசன் உபவாச ஜெபம் வைக்கலாம் என்றார். ஜீவஒளி சபையார் முழு இரவு ஜெபம் என்றார்கள். ஃபாதர் ஒன்பது நாள் ஜெபமாக நவநாள் என்றார். டீச்சர் இன்னொரு மனு எழுதலாம் என்றார். துடைப்பம் என்று யாரும் சொல்லவில்லை.

"வர்ற ஞாயித்துக்கெழம நம்ம அறுப்பு. மூணு சபையயும் கூப்புடுங்க," என்றார் அருள்ராஜ். "மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அக்டோபர் 6 அன்று ஆலயம் நிரம்பி வழிந்தது. பூசணியும் புடலையும் போன பிறகு அருள்ராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார்.

"சபையோரே, இப்ப ரோடு! மொத துண்டு, அடி அண்ணாமலை வளைவுலேர்ந்து மோர்ப் பந்தல் வரைக்கும். நல்ல நெழலு, கொஞ்சமா வாழப்பழத் தோலு. காசு வேணாம். தொடப்பம் சொல்லுங்க, தொடப்பத்துக்கு ஒரு ஆளு. பதினெட்டாந் தேதி காலைல எத்தன தொடப்பம்?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இன்னா, எல்லாரும் கண்ண மூடிக்கினீங்க? நான் இன்னும் ஜெபம்னு சொல்லலியே."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஃபாதர் அன்பரசன் கையைத் தூக்கி, "எங்க கோயில்லேர்ந்து ரெண்டு," என்றார்.

"கத்தோலிக்கு ரெண்டு! லுத்தரன் வீட்டு அறுப்புல பூந்து கத்தோலிக்கு தொடப்பம் தூக்குது! ஐநூறு வருசம் சண்ட போட்டது இதுக்குத்தானா? ஒரு தரம்..."

"மூணு!" என்றார் தேவநேசன், தன்னையும் அறியாமல்.

"அஞ்சு! தேவனுக்கே மகிமை!" என்றது ஜீவஒளி சபை. ஏலமெல்லாம் விசுவாசிக்கு ஆகாது என்று வாசலில் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்.

"மகிம அவருக்கு, தொடப்பம் நமக்கு. அஞ்சு ரெண்டு தரம்... அஞ்சு மூணு தரம்!"

அதற்குப் பிறகு அருள்ராஜ் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஐந்தாவது துண்டை ஏழு துடைப்பத்துக்குத் தேவநேசன் எடுத்தார். எட்டாவது துண்டில் தேவநேசன் எட்டு என்றதும் டீச்சர் ஒன்பது என்று எழுந்தே நின்றுவிட்டார். அது அன்னதானப் பந்தல்கள் இருக்கும் இடம். அங்கே சாம்பார் கணுக்கால் வரை நிற்கும். அதை டீச்சரிடம் யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டு துண்டும் போயின. மொத்தம் நாற்பத்து மூன்று துடைப்பம். பெண்கள் பன்னிரண்டு பேரும் ஆலயத்துக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உன் தம்பி வாயில சர்க்கரையாப் போட," என்றாள் பொன்னி. தமிழ்செல்விக்குப் பக்கத்துத் துண்டுக்காரி அவள்.

அக்டோபர் 18, காலை ஐந்தரை. கிரிவலப் பாதை முழுக்கக் குப்பை. அதன் நடுவே ஒன்பது பேர். ஃபாதரும் அவர் கோயில் இளைஞர்கள் மூவரும், ஜீவஒளி சபையார் இருவர், போதகரும் அவர் மனைவியும், அருள்ராஜ். நாற்பத்து மூன்றில் மிச்சத்தைக் காணோம். ஆறு மணிக்குப் போதகர் தேவநேசனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்ன பாஸ்டர் இந்நேரத்துல? தொடப்பமா? அதுக்கு இன்னும் ஒரு வருசம் இருக்கே! அடுத்த அறுப்புக்குள்ள குடுத்துடறேன். நான் எதையாவது பாக்கி வச்சிருக்கேனா?"

அருள்ராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். மண்டியில் மூணு தரம் சொன்னால் அந்த நொடியே சரக்கு வண்டியில் ஏற வேண்டும். ஆலயத்திலோ அடுத்த அறுப்பு வரை தவணை. பதினெட்டாம் தேதி என்று அவர் தொண்டை கிழியச் சொல்லியிருந்தார். சபையாருடைய காதில் அது வசூல் தொடங்கும் தேதியாக விழுந்திருக்கிறது.

பாதை ஓரத்தில் மற்ற பெண்களோடு நின்றிருந்த தமிழ்செல்வி தம்பியைப் பார்த்தாள்.

"டேய் அருளு, நீ தக்காளி விக்கறதுக்குன்னே பொறந்தவன். ஊர் நியாயம் உனக்கு எதுக்குடா? பொன்னி, ஆரஞ்சுக் கோட்ட போடு. நாம வேலைய பாப்போம். வெசாரண அப்பறம் ஆவட்டும்."

"அக்கா, ஏழு மணி வரைக்கும் நீ தொடப்பத்த தொடக்கூடாது."

"தொட்டா?"

"உன்னயே ஏலம் வுட்ருவேன்."

"என்ன எவன்டா கேப்பான்?"

"அதான் பயமா இருக்குது. தொடாத."

அருள்ராஜிடம் குட்டி யானை என்கிற சிறிய சரக்கு வண்டி ஒன்று இருந்தது. மண்டியில் மிஞ்சிய தக்காளியைச் சாயங்காலம் தெருத் தெருவாக விற்க அதன் மேல் ஒலிபெருக்கி கட்டியிருந்தார். வண்டி நேராக வேங்கிக்கால் புது நகரில் தேவநேசன் வீட்டு முன்னால் போய் நின்றது.

"சபையோர் கவனத்துக்கு! அஞ்சாவது துண்டு, ஏழு தொடப்பம், தேவநேசன் சார்! எடுத்த சரக்க இன்னும் எடுக்கல! ஒரு தரம்!"

தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எதிர்வீட்டு சடையன், கோயில் வாசலில் பூக்கடை வைத்திருப்பவர், பல் துலக்கியபடியே வெளியே வந்தார்.

"இன்னா அருளு, சார் எதுனா தவண கட்டலியா?"

"ரோடு பெருக்கறேன்னு ஏலம் எடுத்தாருங்க. ஆள் வரல."

"எந்த ரோடு?"

"கிரிவலப் பாத."

சடையன் பிரஷை வாயிலிருந்து எடுத்தார். "எங்க சாமி ரோட்ட நீங்க ஏலம் வுட்டீங்களா?"

அருள்ராஜ் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். பெருக்குகிற பெண்கள், தண்ணீர் குடிக்காதது, விசாரணை, ஏழு மணி. சடையன் நுரையைச் சாக்கடையில் துப்பினார்.

"ஒண்ணுக்குப் போறதுக்குக் கூடவா கேசு போடணும்? த்தூ. சார் வரலன்னா அவரு ஏழுல ரெண்ட எம் பேர்ல போடு. நான் வரேன்."

மாடியிலிருந்து தேவநேசனின் குரல் வந்தது. "அதெல்லாம் முடியாது! அது நான் எடுத்த துண்டு!"

"ரெண்டு தரம்!" என்றார் அருள்ராஜ், ஒலிபெருக்கியைப் போட்டு.

தேவநேசன் தன்னையும் சேர்த்து மனைவி, மகன், மருமகள், மைத்துனர் குடும்பம் என்று ஏழு பேரையும் வண்டியில் ஏற்றினார். சடையனையும் ஏற்றிக்கொண்டார்கள், எட்டு. அடுத்தது கீதாஞ்சலி டீச்சர் வீடு. டீச்சர் நைட்டி மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்து, வண்டியில் யார் என்று பார்த்தார்.

"அவர் எத்தன பேரோட வராரு?"

"எட்டுங்க டீச்சர். ஏழுன்னு எடுத்தாரு, ஒண்ணு ஜாஸ்தி."

"அஞ்சு நிமிசம் இரு. நாங்க பத்து."

மற்ற வீடுகளுக்கு ஒலிபெருக்கியே போதுமாக இருந்தது. ஏழு அடிக்க எட்டு நிமிடம் இருக்கையில் வண்டி இரண்டாவது நடையும் முடித்துப் பாதைக்குத் திரும்பியது. ஆள் எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொன்பது. அறுப்பின் பண்டிகை வரலாற்றில் கேட்டதைவிட அதிகம் வசூலான ஏலம் அது ஒன்றுதான்.

ஏழு மணிக்குக் கோதண்டராமன் வந்தார். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பேர், மூன்று பேர், டீச்சர் துண்டில் பத்துப் பேர். அவர் போதகரின் முன்னால் வண்டியை நிறுத்தினார்.

"யாரு நீங்க?"

"ராஜமாணிக்கம். பதில் ஆள்."

"முன்ன எங்க வேல செஞ்சீங்க?"

"சபைல."

"பெருக்கத் தெரியுமா?"

"பாவத்தயே கழுவறவரு, பாக்குமட்டய பெருக்க மாட்டாரா?" என்றார் அருள்ராஜ்.

"அது நான் இல்ல, ஆண்டவர்," என்றார் போதகர் தாழ்ந்த குரலில். துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பொன்னி அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். பெண்கள் தங்கள் ஆரஞ்சுக் கோட்டுகளைக் கழற்றி ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் வேங்கிக்காலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள்.

ஃபாதர் நன்றாகப் பெருக்கினார். குருவாகப் படித்த குருமடத்தில் எட்டு வருடம் பெருக்கியிருக்கிறாராம். ஜீவஒளி சபையார் வேகமாகப் பெருக்கி, எல்லாவற்றையும் பக்கத்துத் துண்டில் தள்ளினார்கள். இட்லிக் கடைக்காரர் ஒருவர் சந்தேகமாக வந்து நின்றார்.

"இன்னா, கிறிஸ்டீனுங்களா? மதம் மாத்த வந்திருக்கீங்களா?"

"ஆமாங்க," என்றார் அருள்ராஜ். "உங்க எச்சி எலய தொட்டிக்கு மாத்த வந்திருக்கோம். கொஞ்சம் காலத் தூக்குங்க."

கடைக்காரர் காலைத் தூக்கினார். பிறகு நான்கு நான்கு பேராகக் கடையில் உட்கார வைத்து டீ கொடுத்தார். அதுதான் பின்னால் வினையாகப் போனது.

பத்து மணிக்கு எட்டாவது துண்டில் கீதாஞ்சலி டீச்சர் துடைப்பத்தைச் சாத்தி வைத்தார். சாம்பாரில் பாதிப் புடவை நனைந்திருந்தது. காலையில் குடித்த காப்பி, இட்லிக் கடை டீ, இரண்டு பாட்டில் தண்ணீர். கழிவறைப் பக்கம் போனார். முந்திய நாள் கூட்டம் இன்னும் முழுதாகக் கலையவில்லை. வரிசை நீளமாக நின்றது. இவரும் நின்றார். முன்னால் நின்ற பட்டுப்புடவைக்காரி திரும்பி, அந்த ஆரஞ்சுக் கோட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, உனக்கு இங்க இன்னா? போய் வேலைய பாரு. நாங்க எவ்ளோ நேரமா நிக்கறோம்!"

முப்பத்து நான்கு வருடம் மற்றவர்களை வரிசையில் நிற்க வைத்த டீச்சர் வரிசையைவிட்டு விலகி வந்தார். அருள்ராஜ் வண்டியருகே நின்றிருந்தார்.

"வண்டிய எடு. வேங்கிக்கால்."

"டீச்சர், வீட்டுக்குப் போயி..."

"வீடு அதவிட தூரம். ஆபீஸ்ல இருக்கும்ல? சீக்கிரம் போ. மேடு பள்ளம் பாத்துப் போ."

அருள்ராஜ் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாகவும் அவ்வளவு வேகமாகவும் வண்டி ஓட்டியதில்லை.

அவர்கள் விசாரணை அறை வாசலுக்கு வந்தபோது மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. முதலில் டீச்சர் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டு வந்தார். உள்ளே கோதண்டராமன் பேசிக்கொண்டிருந்தார்.

"பாத பூரா கழிவறை இருக்குது சார். யார் வேணாலும் போலாம். இவங்களுக்கு வேல செய்யாம ஒக்காந்து பேசறதுக்கு ஒரு சாக்கு."

அதிகாரி தமிழ்செல்வியைப் பார்த்தார். அவள் வரிசையைச் சொன்னாள், பத்து நிமிட விதியைச் சொன்னாள், ஆஸ்பத்திரிச் சீட்டை மேசைமேல் வைத்தாள். "வரிசையில நிக்கலாம்ல?" என்று கோதண்டராமன் இடைமறித்தார். அப்போது டீச்சர் உள்ளே வந்தார்.

"நீங்க யாரும்மா?" என்றார் அதிகாரி.

"பதில் ஆள் சார். எட்டாவது துண்டு."

"சார், அவங்க ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். சும்மா டிராமா..." என்றார் கோதண்டராமன்.

"காலைல ஏழு மணிக்கு என் பேர எழுதிக்கினது நீங்கதானே? இந்தக் கோட்டு உங்களுது தானே?" டீச்சர் அதிகாரி பக்கம் திரும்பினார். "நான் வரிசையில நின்னேன் சார். துரத்திட்டாங்க. இந்தக் கோட்டப் பாத்துத்தான் துரத்தினாங்க. மனு எழுதுனது நான்தான். ரெண்டாவது பத்தியில இயற்கை உபாதைன்னு எழுதியிருக்கேன். அத அடிச்சிட்டு மூத்திரம்னு போட்டுக்குங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். அடித்து எழுதினார். டீச்சரிடம் பக்கத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். வாசலில் நின்ற அருள்ராஜுக்கு முதல்முறையாக 'ஆமென்' என்று கத்த வேண்டும் போலிருந்தது. அலுவலகம் என்பதால் அடக்கிக்கொண்டார்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நவம்பர் 4 அன்று கோதண்டராமனின் கடிதம் பன்னிரண்டு பேருக்கும் வந்தது. பதில் ஆட்களுக்கு முன்னனுபவம் இல்லை. பணி நேரத்தில் கடையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். குப்பையை அடுத்தவர் துண்டில் தள்ளினார்கள். ஆகவே பன்னிரண்டு பேரும் வேலையிலிருந்து நீக்கம். குற்றச்சாட்டு அத்தனையும் உண்மை என்பதுதான் இதில் பெரிய சங்கடம்.

தமிழ்செல்வி தம்பி வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். ஒவ்வொரு வேளையும் தட்டோடு ஒரு வார்த்தையும் பரிமாறப்பட்டது, வார்த்தையைப் பரிமாறியவள் அவள்.

"அன்னைக்கே தொடப்பத்த எடுத்திருப்பேன். நீதான் தொடாதன்ன."

"அக்கா, கேசு நடக்குது."

"கேசு நடக்குது. நான் ஒக்காந்திருக்கேன். உம் பொண்டாட்டி கொழம்புல உப்பு வேற கம்மி."

அந்த வாரங்களில் பிரசங்கத்தின்போது அருள்ராஜ் டீக்கடைக்குப் போகவில்லை. உட்கார்ந்தே இருந்தார். மூன்றாம் வாரம் குறட்டைச் சத்தம் கேட்டது. போதகர் அதை மனந்திரும்புதலின் ஆரம்பம் என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் அவருக்கு வீட்டில் தூக்கம் வரவில்லை. மண்டியில் பத்து பேர் சோறு போகிற பேச்சைத் தினமும் பேசியவர்தான். ஆனால் தன் பேச்சால் அக்கா சோறு போனது அவருக்கு இதுவே முதல் தடவை. பன்னிரண்டு பேரில் பொன்னி உட்பட நான்கு பேர், வழக்கே வேண்டாம், மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் போகிறோம் என்று கிளம்பினார்கள். தமிழ்செல்விதான் நிறுத்தினாள். தம்பியைத் திட்டுகிற வாயாலேயே அவர்களையும் திட்டினாள். "பதினோரு பேரும் போங்கடி. நான் ஒருத்தி மட்டும் நின்னு எனக்கு மட்டும் கக்கூஸ் வாங்கிக்கறேன். அப்பறம் எவளாவது வந்து கதவத் தட்டுனீங்க, தெரியும் சேதி."

டிசம்பர் முதல் ஞாயிறு அருள்ராஜ் மறுபடி நாற்காலி மேல் ஏறினார். இந்த முறை பன்னிரண்டு வீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய். "கைல குடுத்தாத்தான் மூணு தரம் சொல்லுவேன். அடுத்த அறுப்பு, அதுக்கடுத்த அறுப்பெல்லாம் கெடயாது. ஆண்டவர் வந்து கேட்டாலும் கெடயாது," என்று தொடங்கும்போதே சொல்லிவிட்டார். மூன்று சபையும் கையில் கொடுத்தன. ஜீவஒளி சபை கொடுத்ததைக் கத்தோலிக்கர் ஒரு மூட்டையால் மிஞ்சினார்கள். சடையன் தன் பங்குக்குப் பூக்கடைக்காரர்களிடம் பிரித்து ஒரு டின் எண்ணெய் அனுப்பினார்.

இரண்டாவது விசாரணை டிசம்பர் 19. தேவநேசனும் டீச்சரும் சாட்சிகள். இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில், நடுவில் இரண்டு ஆள் விட்டு உட்கார்ந்து போனார்கள். கடையில் டீ குடித்ததைப் பற்றி அதிகாரி கேட்டார். தேவநேசன் எழுந்து நின்றார். "குடிச்சோம் சார். குடிச்சதாலதான் போக வேண்டி வந்துது. போக எடம் இல்லைன்னு தெரிஞ்சுது. அவங்க டீயே குடிக்காம ஆறு வருசம் பெருக்கியிருக்காங்க." டீச்சர் அவர் பக்கம் திரும்பாமலே, "சரியாத்தான் சொல்றாரு," என்றார். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அவரைப் பற்றி டீச்சர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, மண்டி முடிந்து அருள்ராஜ் வீட்டுக்கு வந்தபோது தமிழ்செல்வி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் பிரித்த உறை.

"படிச்சியா?"

"படிச்சேன். நீயும் படி. சத்தமா படிக்காத, தெருவே கேக்கும்."

பன்னிரண்டு பேரையும் உடனே வேலையில் சேர்க்க வேண்டும். வேலையில்லாமல் இருந்த நாட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். பத்து நிமிட விதி செல்லாது. காலையில் இருபது, பிற்பகலில் இருபது நிமிடம் இடைவேளை. பௌர்ணமி நாட்களில் பணியாளர்களுக்கென்று மட்டும் இரண்டு இடத்தில் கழிவறை. மனுவின் கடைசியில் கையுறையும் கேட்டிருந்தது பற்றி, தனியாக மனு கொடுக்கலாம் என்று போட்டிருந்தது.

அருள்ராஜ் கடிதத்தை மடித்தார். அவர் கண் கலங்குவதை அக்கா பார்த்துவிட்டாள்.

"டேய், நாலு கிலோமீட்டருக்கு ரெண்டே ரெண்டு கக்கூஸ் குடுத்திருக்கான். இதுக்குப் போயி அழுவறியே."

"அழுவல. வெங்காய மூட்ட எறக்குனேன்."

"சரி, டீச்சர்கிட்ட சொல்லி கையுறைக்கு மனு எழுதச் சொல்லு. இந்த தடவ ஒழுங்கா எழுதச் சொல்லு." அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "நாளைக்கு அஞ்சரைக்கு எனக்கு வேல. உம் பொண்டாட்டி கொழம்புலேர்ந்து விடுதல."

தொழிலாளர் துறையின் அந்தக் கடைசிக் கடிதம் பதிவுத் தபாலில் தமிழ்செல்வி கைக்கு வந்து சேர்ந்த நாள், 2025 ஜனவரி 23.